சம்பவம் ஒன்று சொல்லுங்கள்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். நேர்காணலுக்கு வருகிறவனுக்கென்று எல்லா அலுவலகத்திலும் கால் ஆடுகிற நாற்காலி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். எதிரே இருக்கிற மூன்று பேருக்கும் சுழல் நாற்காலி. ஒருவர் கேட்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் தண்ணீர் குடிப்பார். இங்கேயும் நீங்கள் மூன்று பேர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குப் பழகிய ஏற்பாடு. பதற்றப்படாமல் சொல்லச் சொன்னீர்கள். பதற்றமெல்லாம் முதல் வருஷத்தோடு போய்விட்டது. ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன், எழுதுகிறவருக்கும் சௌகரியமாக இருக்கும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாடிக் கட்டடம், இரண்டு லிஃப்ட், இருபத்திரண்டு வருஷம். தரைத்தளத்தில் மருந்துக்கடை, மேலே பல் டாக்டர், வக்கீல்கள், இன்ஷூரன்ஸ்காரர்கள். ஆறாவது மாடியில் என் மனைவியின் தம்பி நடத்திவந்த ஜெராக்ஸ் கடை. மொட்டை மாடியில் என் மெஷின் ரூம். அங்கே ஒரு ஸ்டூல், ஓர் இன்டர்காம், ஒரு பதிவேடு. தினமும் காலையில் கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் "கோளாறு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். போகிறபோக்கில் எழுதுவதில்லை, பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர்கூட என் லிஃப்டில் மாட்டிக்கொண்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னிடம் உள்ள குறையே அதுதான் என்று பிற்பாடு எனக்கு விளக்கப்பட்டது.

நூற்றுச் சொச்சம் கட்டடங்களைப் பராமரிக்கிற பெரிய கம்பெனி ஒன்று வருஷத்துக்கு ஒரே ஒரு பாதுகாப்பு அதிகாரியை எடுக்கும். மேசை, நாற்காலி, சுற்றிப்பார்க்கக் கார். எனக்கோ படியேறிப் படியேறி முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. லிஃப்டைப் பார்க்கிறவனுக்குப் படி எதற்கு என்று கேட்பீர்கள். நிறுத்திவிட்டுத்தானே அதைப் பார்க்க முடியும். நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் விண்ணப்பிக்கக் கூடாது என்பது அந்தக் கம்பெனியின் விதி. முதல் தடவை போனபோது எனக்கு நாற்பத்தாறு. அதையும் சேர்த்து வருஷத்துக்கு ஒன்றாக மூன்று வாய்ப்பு எனக்கு இருந்தது.

முதல் நாள் எழுத்துத் தேர்வு. ஐந்து படம் கொடுத்து எது மற்றதுபோல் இல்லை என்று கேட்டார்கள். இரண்டாம் நாள் எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து ஒரு கேள்வி: படகில் ஏழு பேர் இருக்கிறார்கள், ஐந்து பேரைத்தான் அது தாங்கும், யாரைத் தள்ளிவிடுவீர்கள்? லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? "பாரம் அதிகமானா கிளம்பவே கிளம்பாது சார்" என்றேன். மற்ற ஏழு பேரும் ஐந்தே நிமிஷத்தில் ஒரு கிழவரையும் ஒரு நோயாளியையும் தண்ணீரில் தள்ளிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்கள். நான் ஒருவன்தான் யாரையும் தள்ளவில்லை. என் தாளில் "முடிவெடுக்கும் திறன் குறைவு" என்று எழுதினார்கள்.

மூன்றாம் நாள்தான் அந்த மூன்று பேர்.

"உங்க வேலையில நடந்த ஒரு நெருக்கடியான சம்பவம் சொல்லுங்க. நீங்க என்ன பண்ணீங்க, எப்படி முடிஞ்சது?"

"அப்படி எதுவும் நடந்ததில்ல சார்."

"இருபது வருஷத்துல ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டார். நான் பதிவேடுகளைப் பை நிறையக் கொண்டுபோயிருந்தேன். எடுத்து அடுக்கினேன். தண்ணீர் குடிக்கிறவர் நாலு பக்கம் புரட்டிப் பார்த்து, "எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கே" என்று வருத்தப்பட்டார்.

வெளியே வந்ததும் பணியாளர் பிரிவில் இருந்த பெண் இரக்கப்பட்டு மதிப்பெண் தாளைக் காட்டினாள். நெருக்கடியைக் கையாளுதல்: பத்துக்கு இரண்டு. "ஒழுங்கா பராமரிச்சா நெருக்கடி வராதும்மா" என்றேன். "வராததுக்கு மார்க் போடக் கட்டமே இல்லையே சார்" என்றாள். நியாயமாகப் பேசுகிற பெண். அவளைப் பற்றிப் பிறகு வரும்.

அந்த வருஷம் வேலை யாருக்குக் கிடைத்தது தெரியுமா? பக்கத்துக் கட்டடத்து மெக்கானிக்குக்கு. எங்கள் வட்டாரத்தில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். கயிற்றுக்கு எண்ணெய் போட மறந்து, பிரேக்கைக் கவனிக்காமல் விட்டு, ஆறு பேரை லிஃப்டில் மாட்டவைத்து, அப்புறம் அவனே வெளியே எடுத்தான். பேப்பரில் படம் வந்தது. நேர்காணலில் அதை அழகாகச் சொன்னானாம். பத்துக்கு எட்டு.

"பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினான் பாருங்க அத்தான், அவன்தான் பொழைக்கத் தெரிஞ்சவன்" என்றான் என் மச்சினன்.

மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, வாய் மட்டும் ஓயாது. ஆஸ்துமா உண்டு. எந்நேரமும் இன்ஹேலர் கையெட்டும் தூரத்தில் இருக்கும். என் விண்ணப்பங்களை எல்லாம் அவன்தான் டைப் அடித்துக் கொடுப்பான். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து எனக்கு நேர்காணல் பயிற்சியும் கொடுப்பான். மூன்று பேராகவும் அவனே நடிப்பான்: கேட்பான், எழுதுவான், தண்ணீர் குடிப்பான். என் மனைவி கதவோரம் நின்று சிரிப்பாள். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும். இதைக் கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எனக்கு அவன்மேல் ஏதோ பகை இருந்ததுபோல வெளியே பேசிக்கொள்கிறார்கள்.

"உங்ககிட்ட கதையே இல்ல அத்தான். ஒண்ணை இட்டுக்கட்டுங்க. ஏழு பேர் மாட்டிக்கிட்டாங்க, நீங்க காப்பாத்தினீங்க. யார் வந்து பார்க்கப் போறா?"

"நடக்காததைச் சொல்ல எனக்கு வாய் வராதுடா."

"அப்ப படியேறிக்கிட்டே இருங்க."

உண்மைதான், எனக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. பொய் சொன்னால் காது சிவந்துவிடும். மூன்று பேருக்கு முன்னால் காது சிவக்க உட்கார்ந்திருப்பதைவிடச் சம்பவம் ஒன்றை நடத்திவிடுவது கௌரவம் என்று தோன்றியது. நீங்களே யோசித்துப் பாருங்கள். இட்டுக்கட்டுகிறவன் கம்பெனியை ஏமாற்றுகிறான். நான் யாரையும் ஏமாற்றவில்லை.

மறுவருஷம், நேர்காணலுக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு பகல் நேரத்தில் ஒரு லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்தேன். லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே ஏழு பேர். ஃபேனுக்குத் தனி சுவிட்ச், அதை ஓடவிட்டேன். ஐந்து நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பிறகு பிரேக்கைத் தளர்த்தி, மோட்டாரின் கைச்சக்கரத்தைச் சுற்றி, லிஃப்டை மூன்றாவது மாடிக்கு நேராகக் கொண்டுவந்து, கீழே போய் முக்கோணச் சாவியால் வெளியிலிருந்து கதவைத் திறந்தேன். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வக்கீல் ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் அவர்களைப் பத்திரமாக ஏற்றி இறக்கியிருக்கிறேன், ஒரு நாள்கூட என் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள் இல்லை. அன்று எனக்கும் கண் கலங்கியது. மச்சினன் ஓடிவந்து போட்டோ எடுத்தான். அதைக் கலரில் அச்சடித்து லேமினேட் பண்ணியும் கொடுத்தான்.

இந்தத் தடவை பத்துக்கு ஆறு. காது சிவக்கவில்லை.

ஆனால் கேட்கிறவர் அதோடு விடவில்லை. "சரி, இதுல ஜெயிச்சீங்க. நீங்க தோத்த சம்பவம் ஒண்ணு சொல்லுங்க" என்றார். இல்லை என்றேன். அவர் மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார். "தோல்வியே பார்க்காத ஆளு கொஞ்சம் ஆபத்தான ஆளு சார். விழுந்து எழுந்து பாடம் கத்துக்கிட்டவங்கதான் எங்களுக்கு வேணும்." அந்த வருஷம் வேலை ஒரு தீயணைப்புக்காரருக்குப் போனது. மூன்று மாடி எரிந்துபோனதைப் பற்றி மனமுருகப் பேசினாராம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். "இன்னும் ஒரு தடவை இருக்குல்ல" என்று மட்டும் கேட்டாள். அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் உழைத்தவனிடம் ஒரு தோல்விகூட இல்லை என்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது வருஷம் படிவத்தையே மாற்றிவிட்டார்கள். தோல்விக்கென்று ஒரு முழுப் பக்கம். என்ன நடந்தது, எப்போது, உங்கள் பங்கு என்ன, விளைவு என்ன, கற்ற பாடம் என்ன என்று ஐந்து கட்டங்கள். அடியில் தடித்த எழுத்தில்: கடைசித் தேதிக்குப் பின் வரும் விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா. கடைசித் தேதி ஒரு புதன்கிழமை. நேர்காணல் அடுத்த திங்கட்கிழமை.

"குடுங்க, நான் டைப் அடிச்சுத் தரேன். எதையாவது அளந்துவிட்டுடலாம்" என்றான் மச்சினன். வேண்டாம் என்றேன். அந்தப் படிவத்தை மட்டும் நானே கையால் எழுதினேன்.

தோல்வி என்றால் எவ்வளவு பெரிய தோல்வி என்பதில் எனக்குக் குழப்பம் இருந்தது. பத்து நிமிஷத் தாமதமெல்லாம் இந்தக் காலத்தில் தோல்வியில் சேராது. நாற்பது நிமிஷம் என்று வைத்தேன். உள்ளே ஒரே ஓர் ஆள் போதும். வெளியாளை இதில் இழுப்பது நியாயமில்லை. அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், வழக்கு என்று போவார்கள், பேப்பரில் தாறுமாறாக எழுதுவார்கள். நம் வீட்டு ஆள் என்றால் பேசிக்கொள்ளலாம். தவிர, மச்சினனின் பழக்கம் எனக்கு அத்துப்படி. வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பேப்பர் வண்டி வரும். இரண்டு பெட்டிப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறுவான். அன்று பல் டாக்டருக்கும் விடுமுறை, கூட்டம் இருக்காது. சம்பவத்தைப் புதன்கிழமைக்கு மாற்றலாம் என்றால் வண்டி வராது. கடைசித் தேதியை வியாழனுக்கு மாற்றலாம் என்றால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. இரண்டு பக்கமும் பிடிவாதக்காரர்கள், நடுவில் நான்.

வியாழக்கிழமை பத்தரைக்கு அவன் கடைக்குப் போய்ச் சான்றிதழ் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். "திங்கட்கிழமை பட்டையக் கிளப்பிடலாம் அத்தான்" என்று முதுகில் தட்டினான். மேலே வந்து ஒரு லிஃப்டைப் பராமரிப்புக்கென்று நிறுத்தினேன். பேப்பர் வண்டி வந்ததை மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். பதினொன்று ஐந்துக்கு மற்றதில் அவன் ஏறினான். நான்காவது மாடியைத் தாண்டியதும் மெயின் சுவிட்சை அணைத்தேன். இந்தத் தடவை ஃபேனையும்.

இன்டர்காம் அடித்தது.

"அத்தான், நின்னுடுச்சு."

"தெரியுதுடா. பார்த்துக்கிட்டிருக்கேன்."

"மெதுவாவே பாருங்க. உங்களுக்கு இன்னொரு சம்பவம் சிக்கிடுச்சு" என்று சிரித்தான்.

பத்து நிமிஷம் கழித்து மறுபடி அடித்தான். "ஃபேன் ஓடல அத்தான். பெட்டி தூக்கினது வேற, மூச்சு இழுக்குது. இன்ஹேலரை மேசையிலயே விட்டுட்டேன்போல."

"பேசாத. பேசினா இன்னும் வாங்கும்" என்றேன். சரியான ஆலோசனைதான், எந்த டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு அவன் அதிகம் பேசவில்லை. நடுவில் ஒரு தடவை "அக்காகிட்ட" என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. கீழே வாட்ச்மேன் கத்தினார். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று மேலிருந்து குரல் கொடுத்தேன். சாவி என்னிடம்தான். லிஃப்டுக்குள் செல்போன் சிக்னலும் கிடைக்காது. இருபத்தெட்டாவது நிமிஷத்துக்கு மேல் இன்டர்காமில் சத்தம் இல்லை. நாற்பது என்று வைத்திருந்ததால் நாற்பது வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். பிறகு பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைச் சுற்றினேன். கதவைத் திறந்தபோது அவன் பேப்பர் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனை மடியில் கிடத்திக்கொண்டு அழுதேன். நடிப்பில்லை. அந்த மாடியில் இருந்த அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

திங்கட்கிழமை நான் போகமாட்டேன் என்றேன். என் மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டையை இஸ்திரி போட்டாள். "போங்க. அவனும் அதுக்குத்தானே அவ்வளவு பாடுபட்டான்" என்றாள். சாகிறவரை என்னோடு இருக்கும் அந்த வார்த்தை.

அன்று அந்த மூன்று பேரும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன்.

"உங்க தப்பு என்னன்னு நினைக்கிறீங்க?"

"தாமதிச்சேன் சார்."

"அவர்கிட்ட மருந்து இருந்ததா?"

"அவர்கிட்ட இல்ல சார்."

"இப்ப அதே மாதிரி நடந்தா என்ன பண்ணுவீங்க?"

"இன்னும் சீக்கிரம் கதவைத் திறப்பேன் சார்."

தண்ணீர் குடிக்கிறவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எழுதுகிறவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேட்கிறவர் எழுந்து வந்து என் தோளில் கைவைத்து, "இந்த நேர்மை ரொம்ப அபூர்வம்" என்றார். பத்துக்கு ஒன்பது. பத்து யாருக்கும் போடுவதில்லையாம். மூன்று நாள் கழித்து வேலைக்கான கடிதம் வந்தது. பதினோரு நாள் வேலை பார்த்தேன். நல்ல மேசை. போகிற கட்டடத்தில் எல்லாம் லிஃப்டுக்குள் ஃபேன் ஓடுகிறதா என்று முதலில் பார்ப்பேன்.

பன்னிரண்டாம் நாள் பணியாளர் பிரிவுப் பெண் எனக்கு நிரந்தரக் கோப்பு திறந்திருக்கிறாள். காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்குவது அவள் வழக்கம். அப்படி அடுக்கும்போதுதான் கவனித்தாளாம். மூன்று பெரிய மனிதர்கள் முக்கால் மணி நேரம் கையில் வைத்துப் புரட்டிய படிவத்தை முழுசாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். பாதுகாப்பு அதிகாரியாக அவளையே போட்டிருக்கலாம்.

என் மனைவி இதை எதையும் நம்பவில்லை என்று சொன்னீர்கள். "அவருக்குப் பொய் சொல்லவே வராது" என்று உங்களிடம் சண்டை போட்டாளாமே. என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவள்.

இன்ஹேலரைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் லிஃப்டில் நினைத்ததுபோல அப்போது அது மேசையில் இல்லை. நான் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது அங்கேதான், ஸ்டேப்ளர் பக்கத்தில் கிடந்தது. எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவனிடம் இல்லை என்றுதான் நேர்காணலில் அவர்களிடம் சொன்னேன். வேறு யாரிடம் இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை.

ஆமாம், நீங்கள் தள்ளுகிற இந்தப் படிவம் என்னுடையதுதான். கையெழுத்தும் என்னுடையது. எப்போது என்ற கட்டத்தில் வியாழக்கிழமை காலை பதினொன்று ஐந்து. விளைவு என்ற கட்டத்தில் "ஒருவர் இறந்தார்". கற்ற பாடம் என்ற கட்டத்தில் "மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மருந்தைக் கையில் வைத்திருக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும்". மேலே இருக்கிற ரப்பர் முத்திரை புதன்கிழமை மாலை நான்கு மணி. கவுன்டரில் இருந்தவர் படிக்காமலே குத்தினார். ஒரு நாள் முன்னதாகக் கொடுத்தேன், அவ்வளவுதான். கடைசித் தேதியை நான் ஒருபோதும் தவறவிட்டதில்லை. அதில் எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் சரிபாருங்கள். ஒன்றுகூடப் பொய்யில்லை, பொய்யாகிவிடாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன்.